பக்கத்து வீட்டில் பிரசவமா?

புருஷன் ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இடுப்பு வலி எடுக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், 2008 முதல் நம் மாநிலத்தில் இது இலவசம். துணைக்கு ஒருவர் கூடப் போங்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த, கன்னடம் மட்டுமே தெரிந்த மருமகளானால், நர்ஸம்மாவிடம் விவரம் சொல்ல ஆள் வேண்டுமல்லவா? மூத்த குழந்தை உங்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கட்டும்.

பிரசவத்தில் உதிரப்போக்கு மிஞ்சினால் ரத்தம் ஏற்ற வேண்டி வரும். அதை யாராவது முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. 18 வயது முடிந்து, 45 கிலோவுக்குக் குறையாத, ஆரோக்கியமான ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். ஆண்மை குறையும் என்பது வெறும் பேச்சு. நைட் ஷிப்டு முடிந்த கையோடு மட்டும் வேண்டாம். தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.