புறப்படுமுன் சொல்லவேண்டிய உண்மைகள்

ரூ பெர்தொனே ஒரு சிறிய வீதி. ஓகுஸ்த் பெர்தொனே என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிரதப் பொறியியலாளரின் பெயரைத் தாங்கியது. அதற்கும் அயலிலுள்ள வீதிகளுக்கும் சேர்த்து எம்மவர் வழங்கும் பெயர் லாச்சப்பல். மாலை வேளையில் இங்கு நின்றால், மரக்கறிப் பையை ஒரு கையிலும் தொலைபேசியை மறு கையிலும் பிடித்தபடி ஊரோடு உரையாடும் பலரைக் காணலாம். மறுமுனையில் தம்பியோ, மருமகனோ இருப்பார். "அண்ணை, நானும் வெளிக்கிடட்டோ?" என்பது கேள்வி. "வா, பாப்பம்" என்பது பெரும்பாலும் மறுமொழி. அந்த இரு சொற்களை நம்பி அங்கே ஒரு காணி ஈட்டுக்குப் போகின்றது.

உயிருக்கு அஞ்சி ஓடுபவரிடம் ஆயத்தம் செய் என்று கூறுவது அறமாகாது. 1983 ஆடிக் கலவரத்தின் பின் உடுத்த உடையோடு வந்தவர்களுக்கு ஆயத்தம் செய்ய அவகாசம் இருக்கவில்லை. நாம் இங்கு பேசுவது, 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் புதுவாழ்வு தேடிப் புறப்பட எண்ணுவோரைப் பற்றியே. சிந்திக்க அவர்களுக்கு நேரமுண்டு. சிந்திப்பதற்குத் தேவையான உண்மையை வழங்கவேண்டியவர்கள் நாமே.

முதலாவதாக, எமது பழைய அனுபவம் இன்றைய வழிகாட்டியாகாது. 1991 வரை பிரான்சில் தஞ்சம் கோரியவர் தமது விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே வேலை செய்யலாம். அவ்வாண்டு செப்டெம்பரில் அந்த உரிமை நிறுத்தப்பட்டது. இன்று, ஓவ்ப்ரா ஆறு மாதங்களுக்குள் முடிவு கூறாதவிடத்தே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது பொது விதி. "வந்து மறுகிழமையே கோப்பை கழுவினேன்" என்று அன்று வந்தவர் கூறுவது உண்மைதான். அது இன்று வருபவருக்குப் பொருந்தாது.

கடனும் கணக்கும்

தஞ்சம் கோரும் தனியாளுக்கு அரசு வழங்கும் உதவித்தொகை நாளொன்றுக்கு 6.80 யூரோ, அதாவது மாதம் ஏறத்தாழ 204 யூரோ. தங்குமிடம் வழங்கப்படாதவருக்கு மேலும் 7.40 யூரோ கிடைக்கும். அந்த 7.40 யூரோவில்தான் அவர் பாரிஸில் படுக்க இடம் தேடவேண்டும். 2019 நவம்பரிலிருந்து அந்த அட்டையைக் கொண்டு பொருள் வாங்கலாமே தவிரக் காசாக எடுக்க இயலாது.

இனி ஊரின் கணக்கைப் பார்ப்போம். உதாரணமாக, நாற்பது இலட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று மாதவட்டிக்கு வாங்கினால், வட்டி மட்டும் மாதம் 120,000 ரூபாய். முதலில் ஒரு சதமும் குறையாது. பிற்பாடு முறையான வேலை கிடைத்தாலும், 2025 இல் முழுநேரக் குறைந்தபட்சச் சம்பளம் கைக்கு வருவது மாதம் ஏறத்தாழ 1,426 யூரோவே. அதில் வாடகை, உணவு, பயணச்சீட்டு போக எஞ்சுவதிலேதான் கடன் அடையவேண்டும். காசு கைமாறுமுன் இக்கணக்கைக் கடதாசியில் எழுதிப் பெற்றோர் முன் வைப்பதே முதலாவது ஆயத்தம்.

பாதையும் மலிவானதன்று. 2022 நவம்பரில் கனடாவை நோக்கிப் புறப்பட்ட இலங்கையர் 303 பேர், பழுதடைந்த கப்பலிலிருந்து மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டனர். பலர் கடன்பட்டே அப்பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தனர். கப்பல் கரைசேரவில்லை என்பதற்காக வட்டி நின்றுவிடுவதில்லை.

கேஸும் கடதாசியும்

தஞ்சம் என்பது துன்புறுத்தலுக்கு அஞ்சுவோர்க்கான பாதுகாப்பு, வறுமைக்கான மருந்தன்று. நாட்டுக்குள் நுழைந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்யாதவரின் விண்ணப்பம், தக்க காரணமின்றேல், துரித நடைமுறைக்குத் தள்ளப்படலாம். பாரிஸில் பதிவு செய்தவர் தமது விண்ணப்பத்தைப் பிரெஞ்சு மொழியில் நிரப்பி 21 நாட்களுக்குள் ஓவ்ப்ராவுக்கு அனுப்பவேண்டும். நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதமே அவகாசம். இலவசச் சட்டத்தரணி வேண்டுவோர் 15 நாட்களுக்குள் கோரவேண்டும்.

இத்தகைய குறுகிய காலத்தில் தடுமாறுபவரிடமே ஆயத்தக் கதைகள் விலைக்கு வருகின்றன. ஒருவர் பட்ட வதையை இன்னொருவர் பெயரில் எழுதினால், விசாரணையில் முதற் கேள்விக்கே அது உடையும். நேர்முக விசாரணையில் தமிழிலேயே பேசலாம். மொழிபெயர்ப்பாளரை ஓவ்ப்ராவே ஒழுங்கு செய்யும். உண்மையில் பாதிக்கப்பட்டவருக்கு அவரது சொந்தக் கதையே பலமான கேஸ்.

பிறந்த தேதி விடயத்திலும் விளையாடலாகாது. அன்று ஏஜென்சி சொல்லிக்கொடுத்த பெயரையும் வயதையும் எழுதியவர்கள், பிள்ளையின் பதிவிலும் ஓய்வூதியத்திலும் படும் பாட்டை எம்மிடையே அறியாதவர் யார்? பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ், தொழில் அனுபவக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை நம்பிக்கையானவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுதல் நன்று.

மொழி

2024 ஜனவரிச் சட்டத்தின்படி, 2026 தொடக்கத்திலிருந்து பல வகையான வதிவிட அட்டைகளுக்குப் பிரெஞ்சு மொழித்தகுதி கடுமையாக்கப்பட்டது. பத்து வருட அட்டைக்குப் பொதுவாக பே-1 தரமும், குடியுரிமைக்கு பே-2 தரமும் வேண்டும். திருமணமாகி வருவோர் இதனை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையங்கள் உள்ளன. விசாவுக்குக் காத்திருக்கும் ஆறு மாதம் அங்கு படிப்பது, இங்கு வேலை முடிந்து களைத்து வந்து இரண்டு வருடம் படிப்பதிலும் இலகுவானது.

வரவே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வந்து உழைத்து உயர்ந்தவர்கள் திறந்த கடைகளே ரூ பெர்தொனேயின் இருமருங்கிலும் நிற்கின்றன. ஆயினும் அக்கடைகளின் படத்தை ஊருக்கு அனுப்பும் நாம், ஓர் அறையில் ஆறு பேர் முறைவைத்து உறங்கிய நாட்களை அனுப்புவதில்லை. இரவல் மேலங்கியோடு ஈபிள் கோபுரத்தின் முன் எடுத்த படத்தைப் பார்த்தே தம்பி கனவு காண்கிறான்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது முதுமொழி. ஆழம் அறிந்தவர்கள் நாம். அடுத்த முறை ஊரிலிருந்து அந்தக் கேள்வி வரும்போது, சம்பளத்தோடு வாடகையையும், அட்டையோடு காத்திருந்த வருடங்களையும் சேர்த்துச் சொல்வோம். முழுவதையும் கேட்ட பின்னும் ஒருவன் புறப்பட்டால், அவன் கண்ணைத் திறந்துகொண்டு புறப்படுகிறான். கேட்டு நின்றுவிட்டால், ஒரு குடும்பத்தின் காணி மிஞ்சும்.