பாடங்களின் பெயரும் பொருளும்

ஆண்டுக்கணக்கில் ஒரு பாடத்தைப் படிக்கிறோம், தேர்வு எழுதுகிறோம், பட்டமும் பெறுகிறோம். ஆனால் அப்பாடத்தின் பெயருக்குப் பொருள் யாது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

சத்தியவேட்டுக்காரனாகிய எனக்கு இக்கேள்வி இயல்பாகவே எழுகிறது. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எங்கள் பகுதி, 1960 ஏப்ரல் முதல் நாளன்று ஆந்திரத்துடன் இணைந்தது. அதே நாளில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை மாறினாலும் எங்கள் தெருக்களில் இரு மொழிகளும் நிலைத்தன. தமிழ்வழிப் படித்தவர் 'இயற்பியல்' என்றதை, தெலுங்குவழிப் படித்த அண்டை வீட்டார் 'பௌதிக சாஸ்திரம்' என்றனர். எது சிறந்த பெயர் என்று வழக்காடுவதைவிட, இரண்டும் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே பயன் தரும்.

பௌதிகம் என்பது பூதம் என்ற சொல்லிலிருந்து வந்தது. நிலம், நீர், தீ, காற்று, வெளி என்னும் ஐம்பூதங்களைப் பற்றியது என்பது பொருள். இயற்பியலோ பொருள்களின் இயல்பை ஆராய்வது. உலகம் எதனால் ஆனது என்று ஒரு பெயர் கேட்கிறது. அது எவ்வாறு இயங்குகிறது என்று மற்றொன்று கேட்கிறது. 'பிசிக்ஸ்' என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் இயற்கை என்றே பொருள். இலங்கைத் தமிழரோ 'பௌதிகவியல்' என்று இரு மரபையும் ஒரே சொல்லில் இணைத்துக்கொண்டனர்.

இரசாயனத்துக்கு வருவோம். இரசம் என்பது பாதரசத்தையும் குறிக்கும். அயனம் என்பது வழி. நாம் சொல்லும் வேதியியலில் உள்ள 'வேதித்தல்', ஓர் உலோகத்தை மற்றோர் உலோகமாக மாற்றுதலைக் குறிக்கும் சித்தர் வழக்கு. செம்பைப் பொன்னாக்க முயன்றவர்களின் உலைக்களத்தோடு இவ்விரு சொற்களுக்கும் தொடர்பு உண்டு. ஐரோப்பியரின் 'கெமிஸ்ட்ரி'யும் அரபு நாட்டு இரசவாதிகளின் வழியாக வந்ததே. பொன் கிடைக்கவில்லை, ஓர் அறிவியல் கிடைத்தது!

தாவரம் என்றால் இடம்விட்டுப் பெயராதது. 'ஸ்தாவரம்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் அது. விலங்கு என்றால் குறுக்கானது. மனிதன் நிமிர்ந்து நிற்க, விலங்கின் உடல் நிலத்துக்கு இணையாகக் குறுக்கே கிடக்கிறது. பெயரே ஒரு வகைப்பாடாக அமைந்திருப்பதைக் காண்க. வரலாறு என்பது வரல், ஆறு என்னும் இரு சொற்களின் கூட்டு. நாம் வந்த வழி. தெலுங்கர் கூறும் 'சரித்திர'மும் நடத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தே பிறந்தது.

பொதுப் பெயர்களிலும் நயம் உண்டு. சாஸ்திரம், கட்டளையிடுதலையும் கற்பித்தலையும் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. நூல் என்பது இழை. வடமொழிச் சூத்திரத்துக்கும் அதுவே பொருள். பஞ்சு நூலாவதையும், மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலையும் நன்னூலார் உவமையாகக் காட்டினார். அறிவு என்பது சிதறிக் கிடப்பதை இழையாக்குவது, வளைந்ததை நேராக்குவது என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

இச்சொற்களுள் பல தாமே முளைத்தவையல்ல. தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென்றே 1916-இல் இராஜாஜியும் நண்பர்களும் ஒரு சங்கம் கண்டனர். அவருக்குப் பின்னும் அறிஞர் பலர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து, நிறுத்து, வாதிட்டு நமக்குத் தந்தனர்.

இன்று எங்கள் தெருவில் இரு வீட்டுப் பிள்ளைகளும் 'பிசிக்ஸ்' என்றே சொல்லக் கேட்கிறேன். சண்டை தீர்ந்தது உண்மைதான். ஆனால் இரண்டு விளக்குகளும் அணைகின்றனவே! புரியாத ஒலியாக மனனம் செய்த பெயர் பாடத்துக்குள் நம்மை அழைத்துச் செல்வதில்லை. பொருள் விளங்கிய பெயரோ அப்பாடத்தின் முதல் வரி. ஆகவே தோழர்களே, அடுத்த வகுப்பில் புத்தகத்தைத் திறக்குமுன் அட்டையிலுள்ள பெயரைச் சற்றே பிரித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் வேறு மொழியினராயின், அவர் மொழிப் பெயரையும் கேளுங்கள்.