காவல் மாறிய கடல்

மட்டக்களப்பு முகத்துவாரத்தைக் கடந்து வெளிக்கடலில் சுமார் ஐந்து கடல் மைல் சென்றால், ஐம்பது மீற்றருக்குங் கூடிய ஆழத்தில், 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய யுத்தக் கப்பல் பக்கஞ் சாய்ந்து கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே ஆதிமுதல் திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் என்ற கீர்த்தி அதற்கு உண்டு. ஆயினும் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி முற்பகலில் யப்பானிய விமானங்கள் அதைத் தேடி வந்தபோது, அதன் தளத்தில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் திருகோணமலையை அடுத்த சீனன்குடா விமானத்தளத்தில் நின்றன. தாக்குதல் வரப்போகிறதென்ற செய்தி கேட்டு முந்திய இரவே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேறிய கப்பல், திரும்பிச் செல்லும் வழியில் அகப்பட்டு, குண்டுகள் விழத் தொடங்கிச் சுமார் இருபது நிமிஷங்களில் மூழ்கிப்போயிற்று. மாண்டவர்கள் 307 பேர். அருகே வந்துகொண்டிருந்த 'வீற்றா' என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்திராவிட்டால் அத்தொகை இன்னும் பெருகியிருக்கும்.

சர்வதேச ஒழுங்கு, சர்வதேச ஒழுங்கு என்று பத்திரிகைகள் இப்போது ஓயாமல் எழுதுகின்றனவே, அது யாது? ஊரில் களவு போனால் பொலிசில் முறையிடலாம். தேசங்களுக்கு மேலே அப்படியொரு பொலிஸ் இல்லை. ஆகவே பலவான் ஒருவன் கடலைக் காப்பதாகச் சொல்வதும், ஏனையோர் அதை நம்பியோ நம்பாமலோ தத்தம் வியாபாரத்தை நடத்துவதுமே பெரும்பாலும் ஒழுங்கென்று வழங்கிவந்திருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டாக இக்கடலில் அந்தக் காவலன் பிரித்தானியன். சிங்கப்பூர் பெப்ரவரியில் விழுந்து, ஏப்ரலில் ஹேர்மிஸும் அமிழ்ந்தபின், அவனுடைய கடற்படை ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிண்டினிக்குப் பின்வாங்கியது. வென்றவனாவது நிலைத்தானா? அன்று வந்த யப்பானியப் படையின் ஐந்து பெரிய விமானந்தாங்கிகளுள் மூன்று, இரண்டே மாதங்களில் மிட்வேயில் அழிந்தன.

மட்டக்களப்புக்குக் காவலர் மாறுவது அன்று புதிதன்று. வாவி சூழ்ந்த புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதும், பிற்காலத்தில் நெடுநாள் கச்சேரி நடந்ததுமான கோட்டையை, கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனுடைய சேனையும் தளபதி வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தக் கப்பல்களும் சேர்ந்து 1638 மே 18ஆந் திகதி பிடித்தன. ஐந்து நாட் கழித்து இருதரப்பாரும் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை செய்துகொண்டனர். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அரசன் வைத்திருந்த பிரதியில் அவ்விதியோடு 'அரசர் விரும்பினால்' என்ற கருத்துள்ள வாசகம் இருந்தது. ஒல்லாந்தருடைய பிரதியில் அது இல்லை. யுத்தச் செலவைக் கறுவா, மிளகு முதலிய பண்டங்களாற் கொடுக்க ஒப்புக்கொண்ட அரசன், பின்னர் காலியையும் நீர்கொழும்பையும் கேட்டபோது, கணக்கு இன்னும் தீரவில்லை என்ற பதிலையே பெற்றான். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்லும் பழமொழி இந்தப் பேரத்தையே குறிக்கிறது. இராஜசிங்கன் ஏமாளி அல்லன்; கூர்ந்த அறிவுள்ளவன். தன் பிரதியை நிலைநாட்டும் கப்பல்கள்தாம் அவனிடம் இல்லை.

சிறிய தேசம் ஒரு காவலனை விட்டு இன்னொருவனைத் தேடுவதில் பாதுகாப்பு இல்லை என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வேறு வழியொன்றைச் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் முயன்று பார்த்தது. இந்து சமுத்திரம் சமாதான வலயமாக வேண்டும், வல்லரசுகளின் தளங்கள் இங்கிருந்து அகல வேண்டும் என்ற அதன் பிரேரணையை 1971 டிசம்பர் 16ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றது. ஆதரவாக 61 வாக்குகள், எதிர்ப்பு இல்லை. ஆனால் 55 தேசங்கள் வாக்களியாமல் விலகின. அமெரிக்கா, சோவியத் ரஷ்யா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய நான்கும் அவற்றுள் அடக்கம். எதிர்த்தால் அபகீர்த்தி, ஆதரித்தால் நஷ்டம், மௌனத்துக்குச் செலவில்லை! அந்த ஆண்டிலேயே தியேகோ கார்சியாத் தீவில் அமெரிக்கத் தளத்தின் வேலை தொடங்கியது. பிரகடனத்தை அமுலாக்குவதற்காக 1981இல் கொழும்பில் கூடுவதாயிருந்த மகாநாடு கூடவேயில்லை.

1987இல் இந்தியாவுடன் செய்த ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், திருகோணமலை முதலான துறைமுகங்களை இந்தியாவின் நலனுக்குப் பங்கம் விளையும்படி எந்நாட்டின் இராணுவத்துக்கும் கொடுப்பதில்லை என இலங்கை வாக்களித்தது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கம்பெனியிடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. 2022இல் அங்கே சீனாவின் 'யுவான் வாங் 5' என்ற ஆராய்ச்சிக் கப்பல் வந்து நின்றபோது புதுடில்லி கலங்கியது. கொழும்பு இருபக்கத்துக்கும் மாறிமாறிச் சமாதானஞ் சொல்லிக் களைத்தபின், 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு அந்நிய ஆராய்ச்சிக் கப்பல்கள் எவையும் வரலாகாதென்று தடை விதித்தது. எந்தத் தேசத்தின் பெயரையும் சொல்லாமல் எல்லாருக்கும் பொதுவாக வைத்த விதி அது. பயந்து செய்த காரியம் என்று அதைப் பரிகசித்தவர்கள் உண்டு. பயந்தவன் செய்யக்கூடிய காரியங்களுள் அது மிகவும் விவேகமானது என்பதே என் அபிப்பிராயம்.