வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் – 17: மூடி போடாத பேனை

போன கிழமை சிலாவத்துறையிலிருந்து தாத்தா பேசினா. எங்கள் முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்போம். மற்ற ஊர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.

“பிரிண்டர் ஒண்டு வாங்கோணும். லேசரா, மை ஊத்துறதா? பத்திரிகையில எழுதுற ஆள்தானே நீ, சொல்லு.”

“மாசத்துக்கு எத்தனை தாள் அடிப்பீங்க, தாத்தா?”

“பரீட்சை வந்தா ஒரு நாளைக்கே நூறு. லீவு விட்டா ஒரு மாசம் தொடவே மாட்டேன்.”

பாதி விடை அதிலேயே இருந்தது. ஒரு பக்கத்துக்கு என்ன செலவு என்றுதான் கடையில் கணக்குக் காட்டுவார்கள். சிலாவத்துறை இருக்கும் முசலியில் கேட்க வேண்டியது வேறு: பெட்டி சும்மா கிடக்கும் நாள் எத்தனை?

மை பிரிண்டரின் தலையில் மயிரிழையை விட மெல்லிய துவாரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மையில் பெரும்பங்கு தண்ணீர். வேலை முடிந்ததும் அந்தத் தலை ஓர் ஓரமாகப் போய், ரப்பர் மூடிக்குள் உட்கார்ந்துகொள்ளும். பேனைக்கு மூடி போடுவது போலத்தான். அச்சடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் தலை நடுவழியில் நின்றுவிடும், மூடி இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்தில் என் மை பிரிண்டர் ஒன்று இப்படித்தான் போனது. கரண்ட் வந்த பிறகும் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. இரண்டு கிழமை கழித்துப் போட்டால் கறுப்பு வரவே இல்லை, எல்லா எழுத்தும் வெளிறிய நீலம். சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுக்கக் கொடுக்க மிச்ச மையும் உள்ளேயிருக்கும் பஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது.

அது கொழும்பில். முசலியிலோ சோளகம் தொடங்கினால் உப்பும் புழுதியும் வீட்டுக்குள் வரும். பிரித்தானிய ஆளுநர் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் பக்கத்து அரிப்பில் கட்டுவித்த டொரிக் மாளிகையே கடலுக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் இடிந்து செங்கல்லாக நிற்கிறது. பிளாஸ்டிக் பெட்டி எம்மாத்திரம்!

மை பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு காரியம் செய்தால் போதும். கரண்ட் திரும்பியவுடன் பிரிண்டரைப் போட்டு, பிறகு அதன் சொந்தப் பொத்தானால் நிறுத்துங்கள். சுவரிலுள்ள சுவிட்சால் அல்ல. அப்போதுதான் தலை மூடிக்குள் போகும். கிழமைக்கு ஒரு தடவை ஒரு வண்ணப் பக்கமாவது அடியுங்கள்.

லேசரில் காய்வதற்கு ஒன்றுமில்லை. டோனர் என்பது மை அல்ல, பிளாஸ்டிக் கலந்த பொடி. நிலைமின்னால் உருளையில் ஒட்டி, தாளுக்கு மாறி, ஏறக்குறைய 200 பாகை சூட்டில் உருகிப் படிகிறது. ஆறு மாதம் துணி போட்டு மூடி வைத்திருந்து எடுத்தாலும் அடிக்கும். ஆனால் அந்தச் சூட்டுக்காக நூற்றுக்கணக்கான வாட்டை ஒரே மூச்சில் இழுக்கும். மின்குமிழ் ஒருமுறை கண்சிமிட்டும். யூபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. சின்ன இன்வேட்டரும் தாங்காது. மை பிரிண்டருக்கு அச்சடிக்கும்போது பத்து இருபது வாட் போதும். சோலாரில் ஓடும் வீடென்றால் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

முசலிக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலும் புத்தளத்தில் இருந்துவிட்டு, போர் முடிந்தபின் திரும்பியவர்கள் அங்குள்ள முஸ்லிம்கள். வீட்டுக்கு வீடு அலுமாரியில் ஒரு பைல் இருக்கும். காணி அனுமதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மீள்குடியேற்றப் படிவம், எல்லாவற்றிலும் நாலு பிரதி. 2017 மார்ச்சில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தை வன ஒதுக்கமாக்கி வர்த்தமானி வந்த பிறகு அந்த பைல் இன்னும் தடித்தது. ஒரு போட்டோக்கொப்பிக்காக அருவியாற்றைக் கடந்து மன்னார் டவுனுக்குப் பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும். இப்படிப் பத்திரங்களைப் பிரதியெடுக்கும் வீட்டுக்கு ஸ்கேனரும் சேர்ந்த பிரிண்டர்தான் சரி. சாய மையில் எடுத்த பிரதியில் மாரி மழை ஒழுகினால் எழுத்து கலங்கிவிடும். டோனர் எழுத்து தாளோடு உருகி ஒட்டியது, தண்ணீருக்குக் கரையாது.

தாங்கி வைத்த மை பிரிண்டரைக் குறைசொல்ல மாட்டேன். கடைக்காரர்களும் பாவனையாளர்களும் பிரிண்டருக்கு வெளியே மைப்போத்தலைக் குழாயால் மாட்டி ஓட்டியதைப் பார்த்த பிறகுதான் எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் தானே தாங்கி வைத்து விற்கத் தொடங்கியது. ஒரு கறுப்புப் போத்தலில் சில ஆயிரம் பக்கம் வரும். பிள்ளைகளின் வரைபடம், ஒப்படை என்று கிழமைதோறும் வண்ணத்தில் அடிக்கும் வீட்டுக்கு அதுவே மலிவு. மலிவு விலையில் கிடைக்கும் சின்னக் காட்ரிட்ஜ் பிரிண்டரை மட்டும் தொடாதீர்கள். லேசர் வாங்கினாலும், பெட்டியோடு வரும் டோனரில் முழு அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். பல மாடல்களில் குறைவாகத்தான் நிரப்பித் தருகிறார்கள்.

தாத்தா கறுப்பு வெள்ளை லேசர் வாங்கிவிட்டா, ஸ்கேனரோடு. வண்ணத்துக்குப் பிள்ளைகளிடம் கலர் பென்சில் இருக்கிறதாம். நேற்று படம் அனுப்பினா. பிரிண்டர், பிரிட்ஜ், அரிசி குக்கர் மூன்றும் ஒரே மல்டிபிளக்கில். மச்சானின் வேலை.

அடுத்த கிழமை அந்த மல்டிபிளக்.

(தொடரும்)