ஜோக்கரின் மாறாத சிரிப்பு

சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகளில் வில்லனை நாயகனைவிடப் பருத்த உடலும் விந்தையான ஆயுதமும் கொண்டவனாக வரைவது பெருவழக்காக இருக்க, பேட்மேனின் எதிரியான ஜோக்கர் மெலிந்த உடலும் வெளுத்த முகமும் காதுவரை இழுபட்ட சிரிப்பும் கொண்டே எண்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசகரைக் கலங்கடித்து வருகிறான். அச்சிரிப்பு திரைப்படத்திலிருந்து வந்தது. விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவி 1928இல் வெளியான 'தி மேன் ஹூ லாஃப்ஸ்' என்னும் மௌனப் படத்தில், சிறுவயதிலேயே முகம் சிதைக்கப்பட்டு நிரந்தரச் சிரிப்போடு வாழ நேர்ந்த ஒருவனாக கான்ராட் வெய்ட் நடித்திருந்தார். படத்தில் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உள்ளுக்குள் அழும் மனிதன் ஒருவன் இருந்தான். சித்திரக்கதையைப் படைத்தவர்களோ அம்மனிதனை விட்டுவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1940இல் வெளிவந்த 'பேட்மேன்' முதல் இதழில், பில் ஃபிங்கர், பாப் கேன், ஜெர்ரி ராபின்சன் ஆகியோரின் கைவண்ணத்தில் ஜோக்கர் முதன்முதலாகத் தோன்றினான். செல்வந்தர் ஒருவரை நள்ளிரவில் கொல்லப்போவதாக வானொலியில் முன்கூட்டியே அறிவிக்கிறான்; காவலர்கள் சூழ நிற்கும்போதே அவன் சொன்ன நேரத்தில் அவர் இறந்து விழ, நஞ்சின் வேகத்தில் பிணத்தின் வாய் மெல்ல மெல்ல இளிப்பாக விரிகிறது. எதிரில் இருப்பவரின் உள்ளக்கிடக்கையைக் கண்ணையும் வாயையும் பார்த்தே கணிக்கப் பழகியவன் மனிதன். ஒருபோதும் மாறாத சிரிப்பில் அவ்வாறு கணிப்பதற்கு எதுவும் இல்லை. கொன்றவனின் முகத்திலும் கொல்லப்பட்டவரின் முகத்திலும் அதே சிரிப்பைக் காணும்போது வாசகருக்கு ஏற்படும் நடுக்கத்தை எத்தனை இரத்தம் வரைந்தாலும் ஏற்படுத்த முடியாது. அவ்விதழிலேயே ஜோக்கர் இறந்துபோவதாக எழுதப்பட்டிருந்த முடிவைப் பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் மாற்றச் செய்ததால்தான் அவன் பிழைத்தான்.

சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு அமெரிக்காவில் வலுத்ததை அடுத்து, கோரக் காட்சிகளைத் தடைசெய்யும் 'காமிக்ஸ் கோட்' என்னும் தணிக்கை விதித்தொகுப்பைப் பதிப்பாளர்களே 1954இல் ஏற்படுத்திக்கொண்டார்கள். அக்காலத்து ஜோக்கர் குறும்புக்காரக் கோமாளியாகச் சுருங்கினான். 1973இல் டென்னிஸ் ஓ'நீலின் எழுத்திலும் நீல் ஆடம்ஸின் ஓவியத்திலும் அவன் மீண்டும் கொலைகாரனானான்.

1988இல் ஆலன் மூர் எழுத, பிரையன் போலண்ட் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' ஜோக்கரை வரைந்த ஓவியங்களின் உச்சம் எனலாம். போலண்டின் கோடுகள் பதற்றமற்றவை. ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு மழைத்துளியும் நிதானமாக வரையப்பட்டிருக்கும். காவல்துறை ஆணையரின் மகளான பார்பரா கார்டன் கதவைத் திறக்கும் கட்டத்தில் பூப்போட்ட சட்டையும் கழுத்தில் தொங்கும் கேமராவுமாகச் சுற்றுலாப் பயணியைப் போல ஜோக்கர் நிற்க, கையில் துப்பாக்கி இருக்கிறது. விடுமுறைக் கோலமும் ஆயுதமும் ஒரே கட்டத்தில் அருகருகே இருப்பதுதான் அங்கே அச்சத்தை விளைவிக்கிறது. 2008இன் மறுபதிப்புக்கு போலண்ட் தாமே புதிதாக வண்ணம் தீட்டியபோது, ஜோக்கரின் கடந்தகாலக் காட்சிகளைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாக்கி, ஆங்காங்கே ஏதேனும் ஒரு பொருளுக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்தார்.

எனினும் ஓவியத்தின் திறமை கதையின் குறையை மறைத்துவிடாது. பேட்கேர்ள் என்னும் நாயகியாகத் தனக்கென ஒரு வரலாறு கொண்ட பார்பரா, இக்கதையில் தந்தையைத் துன்புறுத்துவதற்கான கருவியாக மட்டுமே பயன்படுத்தப்படுகிறாள் என்ற கண்டனம் முற்றிலும் நியாயமானது. மூரே பிற்காலத்தில் இக்கதையைக் குறித்து மனநிறைவின்மையை வெளிப்படுத்தியிருக்கிறார்.

'தி கில்லிங் ஜோக்' வந்ததற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஆர்க்கம் அசைலம்', கிராண்ட் மாரிசன் எழுதி டேவ் மெக்கீன் வரைந்தது. தெளிந்த கோடுகளை விட்டொழித்த மெக்கீன், வண்ணப்பூச்சு, நிழற்படம், ஒட்டுப்படம் ஆகியவற்றைக் கலந்து மங்கலும் கீறலுமான பக்கங்களை உருவாக்கினார். அவற்றில் நாயகனான பேட்மேன் பெரும்பாலும் கொம்புபோன்ற காதுகள் உள்ள நிழலாகவே வர, ஜோக்கரின் கண்ணும் பல்லும் இருளிலிருந்து துருத்திக்கொண்டு வருகின்றன. இந்நூலின் உரையாடலுக்கு எழுத்து வரைந்த காஸ்பர் சலடினோவின் பங்களிப்பும் ஓவியருடையதற்குச் சற்றும் குறைந்ததன்று. சித்திரக்கதையில் பாத்திரங்களின் பேச்சைத் தாங்கும் வெண்ணிற வட்டத்துக்குப் பேச்சுக் குமிழி என்று பெயர். மற்றவர்களுக்கு உள்ள அந்த எல்லைக்கோடு ஜோக்கருக்கு மட்டும் இல்லை. சிவப்பு மையில் சிதறித் தெறித்த அவனுடைய சொற்கள் ஓவியத்தின் மேலேயே ஓடுவதால், அவற்றைப் படித்தறிய விரும்பும் வாசகர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தம் முகத்தருகே கொண்டுவர வேண்டியிருக்கிறது.