கைபேசி வியாபாரமும் தொழிற் பதிவும்

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் மாலை வேளையில் ஒரு புதிய காட்சியைக் காண்கிறோம். பட்டாசு ஆலையிலிருந்து திரும்பிய தாய்மார்கள் திண்ணையில் அமர்ந்து காகிதப் பைகளும் பரிசுப் பெட்டிகளும் ஒட்டுகின்றனர். படித்த மகளோ மகனோ அவற்றைக் கைபேசியில் படம் பிடித்து வெளியூர்களுக்கு அனுப்பி ஆர்டர் பெறுகின்றனர். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பூமி இது. வெளியூர்ச் சந்தையை நாடுவது இம்மக்களுக்குப் புதிதன்று. 2018-ஆம் ஆண்டு இறுதியில் பட்டாசு ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தபோது, இத்தகைய உபதொழில்களின் அருமையைப் பல குடும்பங்கள் உணர்ந்தன.

ஆயினும் இவ்வியாபாரம் பெரும்பாலும் கணக்கோ ரசீதோ இன்றி நடைபெறுகிறது. நம்மிடம் யோசனை கேட்க வந்த ஒரு குடும்பத்தின் அனுபவம் இது: ஐயாயிரம் பைகளுக்கு ஆர்டர் தர முன்வந்த வெளிமாநில வணிகர், வரி எண்ணுடன் கூடிய பில் கேட்டார். அது இல்லாமையால் ஆர்டர் கைநழுவியது. இயந்திரம் வாங்கக் கடன் கேட்டபோது, தொழில் நடப்பதற்கு அத்தாட்சி என்னவென்று வங்கி வினவிற்று. உழைப்பு இருந்தது, சரக்கும் இருந்தது. காகிதம் ஒன்றுதான் இல்லை.

பட்டாசைப் பற்றி முதலில் கூறிவிடுதல் நலம். மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் தடை விதித்தது. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் பெற்ற இடத்திலன்றிப் பட்டாசை விற்பனைக்கு வைத்தலும் கூடாது. வீட்டில் அடுக்கிவைத்துக் கைபேசியில் விற்பது வழக்கை மட்டுமன்று, உயிர்ச்சேதத்தையும் வரவழைக்கும். சிவகாசியின் பெயரால் போலித் தளங்கள் நடத்திப் பணம் பறிப்போரும் உளர். ஏமாந்தோர் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மற்றப் பொருள்களுக்கு முதற்படி, மத்திய அரசு 2020 ஜூலை முதல் நடத்திவரும் உத்யம் பதிவு. இதற்குக் கட்டணம் கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் அரை மணி நேர வேலை. அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் கட்டணம் கேட்பதுண்டு. கேட்டாலே அது அரசுத் தளமன்று என்று அறிக. 2025 ஏப்ரல் முதல், முதலீடு இரண்டரைக் கோடிக்கும் விற்றுமுதல் 10 கோடிக்கும் மேற்படாதவை குறுந்தொழில் எனப்படுவதால், நம் திண்ணைத் தொழில்கள் யாவும் இதில் அடங்கும். பான் எண் இல்லாத மிகச் சிறியோர்க்கு உத்யம் அசிஸ்ட் என்ற வழி 2023 முதல் உண்டு.

சரக்கு சேவை வரியில்தான் மயக்கம் மிகுதி. பொருள் விற்போர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்கு மேற்படாதவரை தமிழ்நாட்டுக்குள் பதிவின்றி விற்கலாம். பெரிய மின்வணிகத் தளங்கள் வழியாக விற்போர்க்கு இச்சலுகை முன்பு இல்லை. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்பதாயின், பான் எண்ணைக் கொண்டு ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பொட்டலம் அனுப்பினாலும், தொகை எவ்வளவாயினும், பதிவு அவசியமாகிறது. கைவினைப் பொருள்கள் சிலவற்றிற்கே விலக்கு. பதிவு செய்துவிட்டால் விற்பனை இல்லாத காலத்திலும் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் ஏறும். ஆதலின் வெளிமாநில ஆர்டர் நிலையாக வருமா என்று பார்த்தபின் இதில் இறங்குவதே உசிதம் என்பது நம் கருத்து. அதுவரை தமிழ்நாட்டுக்குள் விற்பனையை நிறுத்திக்கொள்க.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கும் வரிசை எண்ணிட்ட ரசீதுப் புத்தகமும் வைத்துக்கொள்க. பொட்டலமிட்ட பொருளில் தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை ஆகியன அச்சிடப்படல் வேண்டும். முறுக்கு, கருப்பட்டி மிட்டாய் போன்ற தின்பண்டங்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை.

ஊராட்சியில் பொறுப்பு வகிப்போர் அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கி, இத்தொழில் செய்வோர் பட்டியலைத் தயாரித்து வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினால், ஒரே நாளில் அனைவருக்கும் உத்யம் பதிவு செய்து தர ஏற்பாடு செய்யலாம். வருவோர் ஆதாருடன் இணைத்த கைபேசியையும் வங்கிப் புத்தகத்தையும் மறவாது கொண்டுவருக. கடவு எண் அந்தக் கைபேசிக்கே வரும்.