சங்கத்தின் இரண்டாம் சாவி யாரிடம்?

சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒரு சாவி தலைவரிடமும் மற்றொன்று காரியதரிசியிடமும் இருக்கும். இவ்வேற்பாட்டின் அருமையை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நாளில் நூல் கொள்முதல், துணி ஆர்டர், பாங்கிக் கடிதம் ஆகிய பலவும் மின்னஞ்சல் வழியே வருகின்றன. முன்னர் அதற்குக் கடவுச்சொல் என்னும் ஒரே சாவி போதுமானதாக இருந்தது. ஜிமெயிலை நடத்தும் கூகுள் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் பயனாளர்களைத் தானாகவே இருபடிச் சரிபார்ப்பில் சேர்க்கத் தொடங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் 15 கோடிக்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். கடவுச்சொல்லைக் கொடுத்த பின்னரும், கைப்பேசிக்கு வரும் குறியீட்டையோ அனுமதியையோ அளித்தால்தான் கதவு திறக்கும்.

இம்முறையால் நன்மை இல்லாமலில்லை. அவ்வாறு சேர்க்கப்பட்டோரின் கணக்குகள் களவு போவது பாதியாகக் குறைந்ததென அந்நிறுவனம் 2022இல் அறிவித்தது. ஆயினும் இரும்புப் பெட்டிக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே இரு சாவிகளும் பெரும்பாலும் ஒருவர் சட்டைப்பையிலேயே கிடக்கின்றன.

சென்ற ஆண்டு நாம் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில், காரியதரிசி ஓய்வு பெற்று மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. மின்னஞ்சல் கணக்கு அவரது கைப்பேசி எண்ணிலேயே இருந்தது. அவரோ மகனுடன் வெளியூர் சென்றுவிட்டார். பழைய எண்ணையும் கைவிட்டிருந்தார். கடவுச்சொல் பதிவேட்டில் பிழையின்றி எழுதப்பட்டிருந்தும் கதவு திறக்கவில்லை. தீபாவளி ஆர்டர் ஒன்று பார்ப்பாரின்றிக் கிடந்து தவணை கடந்தது. வாங்குவோர் வேறிடம் சென்ற பின்னரே சங்கத்தாருக்குச் செய்தி தெரிந்தது; தறிகள் பல ஓய்ந்திருந்தன. அதற்கு முந்தைய பார்வையின்போது நாமும் ரொக்கத்தை எண்ணினோம், சரக்கை எண்ணினோம். இச்சாவி யாரிடமென்று கேட்கத் தவறினோம்.

தொல்லை என்று கருதிப் பூட்டையே கழற்றிவிடுவது பரிகாரமாகாது. கணக்கு கைவசம் இருக்கும்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. தனிநபரின் எண்ணுக்குப் பதிலாகச் சங்கத்தின் பெயரில் பெற்ற கைப்பேசி எண்ணைப் பதிவு செய்தல் வேண்டும். பொறுப்பாளர் இருவருடைய கைப்பேசிகளுக்கேனும் அனுமதி அளிக்கும் வசதி இருத்தல் நலம். ஒரே முறை பயன்படக்கூடிய 8 இலக்கக் காப்புக் குறியீடுகள் பத்தினை ஜிமெயில் அளிக்கிறது. அவற்றை அச்சிட்டு, முத்திரையிட்ட உறையில் இரும்புப் பெட்டிக்குள் வைக்கலாம். காரியதரிசி மாறும்போது ஒப்படைப்புப் பட்டியலில் பேரேட்டுடன் இவற்றையும் சேர்த்தல் அவசியம். கைப்பேசிக்கு வரும் குறியீட்டை எவர் கேட்டாலும், பாங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், வெளியிடலாகாது.

இவற்றிற்குப் பணச் செலவு மிகுதியில்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானமும் அரை நாள் உழைப்பும் போதும். காரியதரிசிகள் வருவர், போவர். சாவி சங்கத்திலேயே இருத்தல் வேண்டும். அடுத்த பொதுச் சபையில் அது யாரிடம் உள்ளதென்று அங்கத்தினர்கள் தயங்காது கேட்பார்களாக.